மொக்கராசுவின் நெஞ்சுப்பட்டை

வல்லக்குண்டில் பூச்சிமருந்து வாங்க வருகிறவர்கள் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. மொக்கராசுவின் மூக்கைத்தான் பார்ப்பார்கள்.

ஜெயம் உரக்கடையில் அதுதான் வழக்கம். வந்தவர் கத்தரியில் புழு என்பார். மொக்கராசு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை இறக்குவார், மூடியைத் திருகுவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மோந்து பார்ப்பார். ஒரு தும்மல் வந்தால் சுமாரான சரக்கு. அடுக்கடுக்காக வந்தால் நல்ல சரக்கு. கண்ணில் தண்ணீர் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, "யாத்தே, வீரியம்னா இது வீரியம்!" என்று அவர் சொல்லிவிட்டால், வந்தவர் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார். மோந்து பார்க்காமல் எடுத்துக் கொடுத்தாலோ, போலிச் சரக்கென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் உரக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. சுவரைப் பிடிக்கிற கடைக்காரர் இவர் ஒருவர்தான்.

இதில் ஒரு ரகசியம் இருந்தது. மொக்கராசுவுக்கு வாசனையே தெரியாது. மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. பன்னீர் திராட்சையும் ஒன்றுதான், நனைந்த சாக்கும் ஒன்றுதான். ஒருமுறை அவர் மனைவி போதுமணி அடுப்பில் கருவாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அது கருகி, தெருவே இருமிக்கொண்டு ஓடிவந்து பார்த்தபோது, மொக்கராசு அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து செல்போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதாகவும் பெண் பிறந்த கோபத்தில் அப்பன் வைத்த பெயரைச் சுமந்துகொண்டு வளர்ந்தவள் போதுமணி. அவளுக்குக் கோபம் என்றால் பரம்பரைச் சொத்து. "மனுசனா நீங்க? கல்லா?" என்று அவள் போட்ட சத்தத்தில் கபடி ஆட்டமே நின்றிருக்கும். அவர் பழியைக் கபடி மேல் போட்டுத் தப்பித்தார். பிழைப்பே மூக்கில் ஓடும்போது மூக்கு செத்த கதையை வெளியில் சொல்ல முடியுமா? நல்லவேளையாகத் தும்மலும் கண்ணீரும் மட்டும் தானாக வந்துகொண்டிருந்தன. வாடை தெரியாததால் முன்னைவிட ஆழமாக இழுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் வந்து அவர் நெஞ்சில் பட்டையைக் கட்டியது.

வேளாண்துறை அலுவலர் ஜெசிந்தா, தேனியிலிருந்து ஓட்டுநர் இல்லாத பேருந்தில் வந்து இறங்கினாள். அந்தப் பேருந்து ஆட்டைக் கண்டால் மரியாதையாக நின்றுவிடும். வழியெல்லாம் ஆடு. காலையில் வரவேண்டியவள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். பையிலிருந்து அகலமான கறுப்புப் பட்டை ஒன்றையும், ஒரு டப்பா நிறைய ஒட்டுப்பொட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், இது பொறுப்புப் பட்டை. சட்டம் வந்தாச்சு. உங்ககிட்ட மருந்து வாங்குறவங்க நெஞ்சுல இந்தப் பொட்டை ஒட்டிக்கணும். பட்டையை நீங்க கட்டிக்கணும். மருந்தடிக்கிறப்ப அவங்க இதயம் தாளம் தப்புச்சுன்னா, அதே மாதிரி உங்க நெஞ்சுல இடிக்கும்."

"எனக்கு எதுக்கும்மா இடிக்கணும்?"

"வித்தது நீங்கதானே சார்?"

மொக்கராசுவுக்கு இது அநியாயமாகப் பட்டது. "மருந்தடிச்சா பூச்சிக்குத்தேன நெஞ்சு நிக்கணும்? மனுசனுக்கு என்ன?"

"பூச்சிக்கும் நமக்கும் நரம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சார் வேலை செய்யுது. நரம்பு ஒரு கட்டளை போடும். வேலை முடிஞ்சதும் அந்தக் கட்டளையை அழிக்க உடம்புக்குள்ள ஒரு நொதி இருக்கு. சில மருந்து போய் அந்த நொதியைக் கட்டிப் போட்டுடும். அப்புறம் கட்டளை அழியவே அழியாது. பூச்சி துடிச்சுத் துடிச்சே செத்துடும். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், கண்ணுல தண்ணியா வரும். நெஞ்சு ஒரு சமயம் தூங்கி வழியும், ஒரு சமயம் தலைதெறிக்க ஓடும், ஒரு சமயம் நடுவுல ஒரு துடிப்பை விட்டுட்டுத் துடிக்கும்."

மொக்கராசு துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சற்றுமுன்தான் ஒரு பாட்டில் விற்றிருந்தார்.

"யாருக்குத் தப்புதுன்னு இது சொல்லுமா?"

"சொல்லாது. ஒருத்தரோட நெஞ்சு அவரோட சொந்த விஷயம். யாரோ ஒருத்தருக்குன்னு மட்டும் தெரியும்."

"கழட்டி வெச்சிட்டா?"

"கடை லைசென்சையும் சேர்த்துக் கழட்டி வெச்சிடலாம் சார்." அவள் சிரிக்காமல் சொன்னாள். "இன்னொண்ணு. இது சோதனைக் கட்டம். மருந்தால வர்ற படபடப்பையும் மத்த படபடப்பையும் இதுக்கு இன்னும் பிரிக்கத் தெரியல. கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க. மறக்காம சார்ஜ் போடுங்க."

"எனக்கு வித்த கம்பெனிக்காரனுக்கும் இப்பிடி ஒரு பட்டை உண்டாம்மா?"

"அது அடுத்த கட்டம் சார்."

அடுத்த கட்டம் எப்போது என்று அவர் கேட்பதற்குள் ஜெசிந்தா பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனையில் பேருந்து ஒரு வெள்ளாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

*

மற்ற படபடப்பு என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனது எவ்வளவு பெரிய தொல்லை என்பது மறுநாளே தெரிந்தது. ஊரில் எவனுக்கோ பொண்டாட்டி வீட்டார் விருந்துக்கு வந்தால் மொக்கராசுவுக்கு இடித்தது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் இடித்தது. ஊராட்சி வாங்கிப்போட்ட மருந்தடிக்கும் ட்ரோன் பழுதாகி, அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. யாரோ முட்டை எடுக்கப் போய், திடீரென்று அது உயிர்பெற்றுக் கோழியோடு எழும்பியபோது, கடையில் உட்கார்ந்திருந்த மொக்கராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

அதைவிடச் சங்கடம், ஜெசிந்தா எப்போது கடைக்கு வந்தாலும் பட்டை மேளம் கொட்டியது. அவள் பேருந்திலிருந்து காலைக் கீழே வைக்கும்போதே ஆரம்பித்துவிடும். வெளியே கேட்கிற அளவுக்குத் தடதடவென்று அடிக்கும். போதுமணி காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்று, கணவனின் நெஞ்சையும் அந்தப் பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன, அய்யாவுக்கு இம்புட்டுக் குதிக்குது?"

"ஆத்தா சத்தியமா எனக்கில்ல புள்ள. வேற எவனுக்கோ."

"ஒங்க நெஞ்சு குதிக்கும், ஆனா ஒங்களுக்கில்ல. நல்லாருக்கே நாயம்."

அந்த வேற எவன் கடை மூலையிலேயே நின்று தக்காளி விதைப் பாக்கெட் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுத் தக்காளி போட வந்த பிரபாகரன். மொக்கராசு போய் அவன் காதைத் திருகியதும், பட்டை இன்னும் வேகமாக அடித்தது. அதோடு அந்த மர்மம் தீர்ந்தது. வீட்டில் மட்டும் அவருக்கு ஒரு வாரம் காபி கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று வந்தது.

அது குதிக்கவில்லை, ஓடவில்லை. தட், தட், தட் என்று ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒன்றைக் காணோம். மூச்சு அந்தரத்தில் நிற்கும். பிறகு யாரோ மாடியிலிருந்து மூட்டையைப் போட்டதுபோலத் 'தொம்' என்று ஒன்று விழும். மறுபடி ஒழுங்காக நடக்கும். வியாபாரம் மும்முரமான நாட்களில் அது அதிகமாக வந்தது. நிறைய விற்றால் நிறைய அடிக்கிறார்கள், நிறைய அடித்தால் நெஞ்சு தப்புகிறது என்று மொக்கராசு கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

யாரோ ஒருத்தர் நெஞ்சு போய்க்கொண்டிருக்கிறது. தன் கையால் விற்ற மருந்தால். அந்த நினைப்பு வந்ததும் மொக்கராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை அவர் மருந்தை நினைத்திருக்கிறார், பூச்சியை நினைத்திருக்கிறார், மழையை நினைத்திருக்கிறார். வாங்கிப் போகிறவனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதை நினைத்ததில்லை. இப்போது அது தன் சட்டைக்குள்ளேயே தொம் தொம்மென்று விழும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"கண்டுபிடிச்சிருவேன்," என்றார் போதுமணியிடம். "எவன்னு கண்டுபிடிச்சு, அவன் மருந்தடிக்கிறத நிறுத்திப்புடுவேன்."

"மொதல்ல அந்தச் சார்ஜர இங்கிட்டுக் குடுங்க," என்றாள் அவள். பட்டையின் சார்ஜர் கொசு பேட்டுக்கும் பொருந்தியது. அரசாங்கத்தால் அவளுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

*

முதல் சந்தேகம் ஒச்சப்பன் மேல். அவர் திராட்சைக்காரர். திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பவன் மேல்நோக்கித்தான் அடிக்கவேண்டும். அடித்ததில் பாதி அடித்தவன் தலையிலேயே இறங்கும். ஒச்சப்பன் சட்டை போடாமல் அடிப்பார், மருந்தை ட்ரம்மில் ஊற்றி முழங்கை வரை விட்டுக் கலக்குவார், அதே கையால் பீடி பற்றவைப்பார்.

மொக்கராசு பந்தலுக்குள் போய், ஒரு வார்த்தை பேசாமல், அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ளே, திடீர்ப் பாசம்?"

"பேசாம இருங்க மாமா. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எத?"

"ஒங்க ஆயுச."

ஒச்சப்பனின் நெஞ்சு பம்புசெட் மாதிரி ஓடியது. அன்றைக்குத் தப்பவில்லை. ஆனால் அவர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார், வாயில் எச்சில் ஊறி ஊறித் துப்பிக்கொண்டிருந்தார். வெயிலுக்கு அப்படித்தான் என்றார். மொக்கராசு ஜெசிந்தா சொன்னதை நினைத்துக்கொண்டு, அன்றே கடையிலிருந்து கையுறை, முகமூடி, மழைக்கோட்டு, நீச்சல் கண்ணாடி எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவற்றை மாட்டிக்கொண்டு ஒச்சப்பன் வீட்டுக்குப் போனபோது அவர் வளர்த்த நாயே அவரைத் துரத்தியது. அவர் மனைவி விளக்குமாற்றோடு வெளியே வந்தவள், குரலைக் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

அடுத்து விருமாயி அக்கா. கத்தரிக்காய் போடுகிறவள். வாய்க்குப் பயந்து மார்க்கெட் தரகர்களே அவள் கூடையைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்பார்கள். அவள் நெஞ்சில் காது வைக்க மொக்கராசுவுக்குத் தைரியமில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல் நடந்தார். வரிசை வரிசையாகக் கத்தரி எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. கிணற்றோரம் மட்டும் ஒரு சிறிய பாத்தி. இலையெல்லாம் ஓட்டை, காயெல்லாம் சொத்தை.

"இதென்னக்கா, இத மட்டும் இப்பிடி விட்டுட்ட?"

"அதுல மருந்தடிக்கிறதில்ல. அது வீட்டுக்கு."

"அப்ப அந்தப் பளபளப்பு?"

"அது மெட்ராசுக்கு."

அவள் சொன்னதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மொக்கராசுவுக்கும் அது தெரிந்த சங்கதிதான். ஆனால் இன்றைக்கு ஒரு கேள்வி வந்தது.

"வாராவாரம் எனக்குக் கூடையில காய் குடுத்து விடுவியே, அது எந்தப் பாத்தி?"

விருமாயி வானத்தைப் பார்த்தாள். "மழை வரும் போலருக்குல்ல?" என்றாள்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மொக்கராசுவுக்குக் கோபம் வரவில்லை. இவளுக்கு விற்றதும் தான்தானே என்று தோன்றிவிட்டது.

*

அன்றோடு அவர் கடையில், கடும் விஷம் என்று சிவப்பு அடையாளம் போட்ட சரக்கை இறக்குவதை நிறுத்தினார். அலமாரியில் வேப்பெண்ணெய் வந்தது, பூச்சியை ஏமாற்றிக் கூப்பிடும் பொறிகள் வந்தன, மஞ்சள் நிற ஒட்டும் அட்டைகள் வந்தன. அவற்றில் முதல் நாள் சிக்கியது ஒரு பல்லியும் போதுமணியின் முந்தானையும்தான். ஆனாலும் மொக்கராசு விடவில்லை. எல்லாரையும் பாதுகாத்துவிட்டால், அந்தத் தொலைந்த துடிப்புக்காரன் யாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்வான் அல்லவா?

வந்தவர்களோ வேப்பெண்ணெயை நம்பவில்லை.

"மோந்து பாருங்கண்ணே," என்றார்கள். மொக்கராசு மோந்தார். தும்மல் வரவில்லை, கண்ணீர் வரவில்லை. சுவர் சும்மா நின்றது. "இதுல வீரியம் இல்லண்ணே," என்று திரும்பிப் போனார்கள். பக்கத்து ஊர் கடையில் அதே சிவப்புச் சரக்கை வாங்கினார்கள்.

அப்போதுதான் மொக்கராசுவுக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை அவர் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே மிகவும் புத்திசாலித்தனமானது என்று அவர் நம்பினார். விற்காமல் மிச்சமிருந்த பழைய சிவப்புப் பாட்டில்களில் ஒன்றை மேஜைக்கு அடியில் திறந்து வைத்தார். வேப்பெண்ணெயை மேலே தூக்கிக் காட்டுவார். ஏதோ கீழே விழுந்ததுபோல் குனிவார். அடியில் இருப்பதை ஒரு இழு இழுப்பார். நிமிரும்போது கண்ணில் அருவி கொட்டும். "யாத்தே! வீரியம்னா இது வீரியம்!" சுவரைப் பிடிப்பார்.

வேப்பெண்ணெய் அமோகமாக விற்றது. ஊரே மாறியது. ஒச்சப்பனுக்கு எச்சில் ஊறுவது நின்றது, நாயும் சமாதானமாகிவிட்டது. விருமாயி கிணற்றோரப் பாத்தியை அகலப்படுத்தினாள். மொக்கராசு ஒருத்தரைக் காப்பாற்ற ஒரு ஊரையே காப்பாற்றிக்கொண்டிருந்தார். தும்மித் தும்மி, அழுது அழுது, நாள் முழுக்க.

பட்டையும் அடங்கியது. கிரிக்கெட் இடிக்கவில்லை. மாமியார் விருந்து இடிக்கவில்லை. ஜெசிந்தா வந்தால்கூட இடிக்கவில்லை. பிரபாகரனுக்குக் காதல் தீர்ந்துபோய்விட்டது என்று மொக்கராசு வருத்தப்பட்டார்.

ஆனால் அந்தத் தொலைந்த துடிப்பு மட்டும் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகத் தொலைந்தது. சில நாள் அடுத்தடுத்து இரண்டைக் காணோம். படிக்கட்டில் ஏறினால் தலை சுற்றியது. பாவம், அந்த மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து மொக்கராசு கண்கலங்கினார்.

கடைசியில் தாங்கமாட்டாமல் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார். "ஒங்க மெசினு கெட்டுப்போச்சும்மா. ஊருல ஒருத்தனும் மருந்தடிக்கல, எனக்கு மட்டும் இடி நிக்கல. வந்து என்னாண்டு பாருங்க."

*

அவள் வந்தபோது கடையில் கூட்டம். ஒச்சப்பன், விருமாயி, விதைப் பாக்கெட்டோடு பிரபாகரன், போதுமணி எல்லாரும் இருந்தார்கள். ஜெசிந்தா பட்டையைக் கழற்றி, தன் செல்போனோடு சேர்த்துப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"சார், இதுல சார்ஜே இல்ல."

"இல்லேன்னா?"

"செத்துப் போச்சு. போன அமாவாசையோட நின்னுருக்கு. ஆபீஸ்ல சிக்னல் வரலைன்னு காட்டுச்சு, நாங்க டவர் பிரச்சனைன்னு விட்டுட்டோம்."

எல்லாரும் போதுமணியைப் பார்த்தார்கள். அவள் கையில் கொசு பேட் இருந்தது. அவள் அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அதெப்பிடி?" என்றார் மொக்கராசு. "காலையிலகூட இடிச்சுச்சே. இந்தா, இப்பக்கூட…"

சொல்லிவிட்டுக் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அங்கே பட்டை இல்லை. அது ஜெசிந்தாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. தட், தட், தட். ஒன்றைக் காணோம். தொம்.

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்தாள். இத்தனை நாளில் ஊரில் பொட்டு ஒட்டாத நெஞ்சு அது ஒன்றுதான். அதை மொக்கராசுவின் நெஞ்சில் ஒட்டி, பையிலிருந்த வேறொரு பட்டையை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். ஒச்சப்பன் வாங்கித் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார். கண்ணை மூடி நின்றார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு… என்ன மாப்ளே, ஒண்ணக் காணோம்?"

போதுமணி கொசு பேட்டைக் கீழே போட்டாள். ஜெசிந்தா மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

"சார், இது என்ன திறந்து கிடக்கு?"

மொக்கராசு சொன்னார். வேப்பெண்ணெயை விற்க வேறு வழி தெரியவில்லை என்பதை ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். மூக்கு செத்ததை மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் கொஞ்சம் மானம் மிச்சமிருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

*

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், வேறு என்னென்னவோ எடுத்தார்கள். டாக்டர் மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறையத் திராட்சை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இந்த மருந்தாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வயசு இருக்கு, உப்பு இருக்கு, பரம்பரை இருக்கு. ஆனா இனிமே அந்த பாட்டிலை மோந்தா இதயம் சரியாகாதுன்னு மட்டும் அடிச்சுச் சொல்வேன். மாத்திரை தர்றேன். ஓய்வா இருங்க."

துணைக்கு வந்த ஒச்சப்பன் திராட்சைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்கிராதீங்க டாக்டர். இது நம்ம பக்கத்துப் பழம் மாதிரி தெரியுது. வேற ஏதாச்சும் சாப்புடுங்க."

டாக்டர் மெல்வதை நிறுத்தினார்.

ஊர் திரும்பியதும் ஒரு பிரச்சனை எழுந்தது. விற்பவன் நெஞ்சில் வாங்குகிறவனின் துடிப்பு இடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்பவனின் துடிப்பு யார் நெஞ்சில் இடிக்கவேண்டும்? ஜெசிந்தா சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் தேடினாள். அதுவும் அடுத்த கட்டத்தில்தான் இருந்தது.

"இதுல தேட என்ன கெடக்கு?" என்றாள் விருமாயி. "செவத்தப் பிடிக்கலேன்னா வாங்க மாட்டோம்னு அடம் பிடிச்சது ஆரு? நாமதேன? கொண்டா அத."

முதலில் அவள்தான் கட்டிக்கொண்டாள். பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் விருமாயி, ஒருநாள் ஒச்சப்பன், ஒருநாள் பிரபாகரன். பிரபாகரனின் முறை வரும் நாளில் பட்டையைச் சரிபார்க்க ஜெசிந்தா நேரிலேயே வந்துவிடுவாள். மற்றவர்கள் கட்டும் நாட்களில் டவர் நன்றாகவே இருந்தது போலும். இனி கடையில் யாரும் மோந்து பாருங்கள் என்று சொல்லக்கூடாது என்று பேச்சாயிற்று. சொன்னவனுக்குப் பட்டை இரண்டு முறை.

மொக்கராசு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் படுத்துக்கிடந்தார். கடையைப் போதுமணி பார்த்துக்கொண்டாள். அவள் எந்த பாட்டிலையும் மோந்து பார்க்கவில்லை. வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் போ என்றாள். எல்லாரும் வாங்கினார்கள்.

திராட்சை பழுக்கத் தொடங்கிய ஒரு நாள் மதியம், மொக்கராசு கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தபோது ஏதோ ஒன்று வந்து அவர் மூக்குக்குள் இடித்தது. முதலில் அது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. உப்பும் புகையும் நாற்றமுமாக, மூக்கின் உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு புரிந்தது. புரிந்ததும் அவர் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளி, ஒன்றை விட்டு, தலைதெறிக்க ஓடியது. எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

தலையணைக்கடியில் போன் அடித்தது.

"ஏ மொக்கராசு!" விருமாயி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "பாட்டிலக் கீழ வைக்கிறியா, இல்ல நான் அங்க வரட்டா? என் நெஞ்சு இந்தக் குதி குதிக்குது!"

"பாட்டில் இல்லக்கா!" அவர் அழுதுகொண்டே சிரித்தார். "கருவாடுக்கா! போதுமணி அடுப்புல வெச்சிட்டுக் கடைக்குப் போயிருச்சு, கருவாடு தீயுதுக்கா!"

"தீயுதுன்னா போய் அணைக்கிறத விட்டுட்டு எதுக்கு அழுகுற?"

"வாடை அடிக்குதுக்கா. எனக்கு வாடை அடிக்குது! எம்புட்டு வருசமாச்சு தெரியுமா!"

மறுமுனையில் சத்தமே இல்லை. விருமாயி அக்கா பேசாமல் இருப்பதை வல்லக்குண்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப," என்றாள் அவள் மெதுவாக, "இம்புட்டு வருசமா எங்களுக்கு எத மோந்து பாத்துடா வித்த?"

மொக்கராசு போனைக் காதில் வைத்தபடியே போய் அடுப்பை அணைத்தார். பதில் சொல்வதற்கு முன்னால், கருகிய கருவாட்டை இன்னொரு முறை ஆழமாக மோந்துகொண்டார்.